நமக்குக் கேட்கிறது, நாம் கேட்கப்படுகிறோமா?

(தொலைவிலுள்ள ரிப்பீட்டரோடு வானொலித் தொடர்பு கொள்வது பற்றிய ஓர் இயற்பியல் பாடம்)



திரிகால செபத்துக்கு மணி ஒலிக்கும்போதெல்லாம் நாம் நினைவு கூரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கபிரியேல் சம்மனசானவர் கன்னி மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன நிகழ்ச்சியே அது. அதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். தூதர் வந்து செய்தியைச் சொன்னதோடு அந்த நிகழ்ச்சி முடிந்துவிடவில்லை. தேவதாய் கேள்வி கேட்டார்கள்; தூதர் விளக்கம் சொன்னார்; சம்மதம் என்னும் மறுமொழி கிடைத்த பின்னரே அவர் விடைபெற்றார். செய்தி என்பது சொல்லப்பட்டதால் முழுமை அடைவதில்லை. அது சென்று சேர்ந்தது என்ற மறுமொழி திரும்பி வரும்போதுதான் முழுமை அடைகிறது.

பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-ஆம் ஆண்டில் இந்தக் கபிரியேல் சம்மனசானவரையே தொலைத்தொடர்புக்குப் பாதுகாவலராக அறிவித்தார். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1931-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியைப் பதினொன்றாம் பத்திநாதர் தொடங்கி வைத்திருந்தார். ஆகவே கம்பியில்லாத் தொடர்பைப் பற்றிய ஒரு பாடம் நம் பள்ளி மலரில் இடம்பெறுவது பொருத்தமே.

கடலோரத்தில் வாழும் நமக்கு இப்பாடம் வெறும் தேர்வுக்கு உரியதன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளை நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரை ஆழிப்பேரலை கொண்டு சென்றது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் கைபேசிகள் ஊமையாயின. அத்தகைய நாளில் பேட்டரியில் இயங்கும் ஒரு சிறு வானொலிச் செட் உயிர் காக்கும் கருவியாகும். ஆனால், அதைக் கையில் வைத்திருப்பவர் தாம் சொன்னது எட்டியதா எட்டவில்லையா என்பதை அறியாதவராக இருந்தால், செட் இருந்தும் பயனில்லை. அதை அறியும் வழியையே இங்கே படிக்கப் போகிறோம்.

ரிப்பீட்டர் என்பது யாது?

கையில் பிடிக்கும் வாக்கி டாக்கியின் சக்தி பெரும்பாலும் 5 வாட்டுதான். அதன் அலை நேர்கோட்டில் செல்லும். மண்ணையும் மலையையும் ஊடுருவிச் செல்லாது. ஆகவே இரண்டு பேர் தரையில் நின்று பேசினால் சில கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. இக்குறையைப் போக்க, மலை உச்சியிலோ உயர்ந்த கோபுரத்திலோ ஒரு நிலையத்தை வைக்கிறார்கள். அது நம் குரலை ஓர் அதிர்வெண்ணில் கேட்டு, அதே நொடியில் வேறோர் அதிர்வெண்ணில் உரக்கச் சொல்கிறது. இதற்குப் பெயர் ரிப்பீட்டர். திருவிழாக் கூட்டத்தில் தரையில் நிற்பவர் சொல்லுவதை மேடைமேல் நிற்பவர் வாங்கி ஒலிபெருக்கியில் சொல்லுவது போன்றது இது.

ஒரே அதிர்வெண்ணில் கேட்டுக்கொண்டே பேசவும் முடியாது. தன் குரலே தன் காதை அடைத்துவிடும். ஆகவேதான் இரண்டு அதிர்வெண்கள். ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலி அன்பர்களுக்கு நம் நாட்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கப்பட்டுள்ளது. இப்பகுதியில் இரு அதிர்வெண்களுக்கும் இடையே வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விடுவார்கள். எடுத்துக்காட்டாக, ரிப்பீட்டர் 145.600-இல் பேசினால் 145.000-இல் கேட்கும். நம் செட்டோ இதற்கு நேர்மாறாக, 145.600-இல் கேட்டு 145.000-இல் பேச வேண்டும்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. கண்ட கண்ட இரைச்சலுக்கெல்லாம் வாய் திறவாதபடி பல ரிப்பீட்டர்களுக்கு ஓர் அடையாள ஒலி வைத்திருப்பார்கள். இது 88.5 ஹெர்ட்ஸ் போன்ற மெல்லிய முனகல். கேட்கும் செட் இதை வடிகட்டிவிடுவதால் நம் காதில் விழாது. இதை 'டோன்' என்பார்கள். நம் குரலோடு அந்த டோன் சேர்ந்து வந்தால்தான் ரிப்பீட்டரின் கதவு திறக்கும்.

நாகையிலிருந்து மலை எவ்வளவு தூரம்?

கடலிலிருந்து கரை திரும்பும் மீனவருக்கு முதலில் தெரிவது கரையன்று. உயர்ந்த கட்டடங்களின் உச்சியே. நாகூர் தர்காவின் பெரிய மினாரா 131 அடி, அதாவது 40 மீட்டர் உயரம். பூமி உருண்டை என்பதால் கரை மறைந்திருக்கும்போதும் அதன் உச்சி தெரிகிறது. வானொலி அலைக்கும் இதே விதிதான். காற்று அலையைச் சற்றே வளைப்பதால், அது கண்பார்வையைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செல்லும். இதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு:

தூரம் (கிலோமீட்டர்) = 4.12 x உயரத்தின் (மீட்டர்) வர்க்கமூலம்

இரண்டு முனைகளுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். சில உயரங்களுக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

கையில் பிடித்த செட், 1.5 மீட்டர் உயரம்: 5 கிலோமீட்டர்
படகின் மேல் ஏரியல், 4 மீட்டர்: 8 கிலோமீட்டர்
மாடிமேல் கம்பம், 10 மீட்டர்: 13 கிலோமீட்டர்
கோபுரம், 40 மீட்டர்: 26 கிலோமீட்டர்
ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர்: 160 கிலோமீட்டர்
கொடைக்கானல், சுமார் 2,100 மீட்டர்: 189 கிலோமீட்டர்

இப்போது ஏற்காட்டில் ஒரு ரிப்பீட்டர் இருப்பதாகவும், இடையில் வேறு மலை மறைக்கவில்லை என்றும் வைத்துக் கொள்வோம். நம் கம்பம் 10 மீட்டர் என்றால் 160 + 13 = 173 கிலோமீட்டர் எட்டலாம். ஏற்காட்டிலிருந்து நேர்கோட்டில் தஞ்சாவூர் ஏறத்தாழ 150 கிலோமீட்டர், கும்பகோணம் 157. இவ்விரண்டும் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. திருவாரூர் ஏறத்தாழ 190; நாகப்பட்டினமோ 210. இவை எல்லைக்கு வெளியே நிற்கின்றன. நாகையிலிருந்து ஏற்காட்டை 'நேரே பார்க்க' வேண்டுமானால் மீதியுள்ள 50 கிலோமீட்டரை நம் கம்பமே ஈடு செய்ய வேண்டும். 50-ஐ 4.12-ஆல் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள். 147 மீட்டர் உயரக் கம்பம் தேவை! தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல இரு மடங்குக்கு மேல்.

இக்கணக்கை முதலில் போட்டுப் பார்ப்பதே பழுது தேடுவதன் முதற்படி. தட்டையான நெல்வயல் நாட்டின் கடைசி முனையில் நாம் இருக்கிறோம். எட்டாத தூரத்துக்குச் செட்டைக் குறை சொல்லி, அதைப் பிரித்துப் போட்டுப் பயனில்லை. கணக்கு 'எட்டும்' என்று சொல்லியும் எட்டாவிட்டால், அப்போதுதான் பழுதைத் தேட வேண்டும்.

கேட்பது எளிது, கேட்கப்படுவது அரிது

தொடக்கநிலையில் உள்ளவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. "ரிப்பீட்டரின் பேச்சு எனக்குத் தெளிவாகக் கேட்கிறது, ஆகவே என் பேச்சும் அதற்குக் கேட்கும்" என்று எண்ணிக் கொள்கிறார்கள். இது சரியன்று.

அலை செல்லும் வழி இரு திசைக்கும் ஒன்றே. மலையிலிருந்து நம்மிடம் வரும்போது எத்தனை மடங்கு தேய்கிறதோ, நம்மிடமிருந்து மலைக்குப் போகும்போதும் கிட்டத்தட்ட அத்தனை மடங்கே தேயும். ஆனால் புறப்படும் சக்தி ஒன்றன்று. மலைமேல் இருப்பது 50 வாட் என்றால், நம் கையில் இருப்பது 5 வாட். பத்தில் ஒரு பங்கு! ஆகவே அதன் குரல் நமக்குத் தாராளமாகக் கேட்கும் இடத்திலும், நம் குரல் அதன் வாசற்படியில் விழுந்துவிடக் கூடும்.

இதிலிருந்து பழுது தேடும் முறைக்கு ஒரு திறவுகோல் கிடைக்கிறது. கேட்பதற்கும் பேசுவதற்கும் பொதுவான பாகங்கள் சில. ஏரியல், கேபிள், கனெக்டர், நிற்கும் இடம் ஆகியவை. பேசுவதற்கு மட்டும் உரியவை சில. கேட்பதற்கு மட்டும் உரியவை சில. எனவே நோயின் குறியைப் பார்த்தே நோயின் இடத்தை ஊகிக்கலாம். மூன்று நிலைகள் உண்டு.

முதல் நிலை: நமக்கும் கேட்கவில்லை, நாமும் கேட்கப்படவில்லை. பொதுவான பாகங்களைப் பாருங்கள். ரிப்பீட்டரே நின்றுபோயிருக்கவும் கூடும்.

இரண்டாம் நிலை: நமக்கு நன்றாகக் கேட்கிறது, நாம் கேட்கப்படவில்லை. ஏரியலைச் சந்தேகிப்பதற்கு முன் பேசும் பக்கத்தைப் பாருங்கள். அதாவது அதிர்வெண் இடைவெளி, டோன், சக்தி, பேட்டரி, மைக்.

மூன்றாம் நிலை: மற்றவர்கள் நம்மைக் கேட்டதாகச் சொல்கிறார்கள், நமக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்க்வெல்ச் என்னும் இரைச்சல் தடுப்பை மிகையாகத் திருகியிருக்கலாம். கேட்கும் பக்கத்தில் தவறான டோன் வைத்திருக்கலாம். அல்லது பக்கத்திலுள்ள இன்வெர்ட்டர், மட்டமான எல்.இ.டி. விளக்கு, மோட்டார் ஆகியவற்றின் இரைச்சல் மெல்லிய அலையை மூழ்கடிக்கலாம். விளக்கை அணைத்துப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

வால் ஒலிச் சோதனை

ரிப்பீட்டர் நம்மைக் கேட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முதலில் சற்று நேரம் காது கொடுத்து, வேறு யாரும் பேசவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பேசும் பொத்தானை அழுத்தி, உங்கள் அழைப்புக் குறியைச் சொல்லி, பொத்தானை விடுங்கள். ரிப்பீட்டர் நம்மைக் கேட்டிருந்தால், நாம் விட்ட பிறகும் அதன் அலை ஓரிரு நொடி நீடித்து, பின் 'க்ஷ்' என்ற ஒலியோடு நிற்கும். இதை வால் ஒலி என்பார்கள். வால் வந்தால் கதவு திறந்தது என்று பொருள். வராவிட்டால் கதவு திறக்கவில்லை.

ஆனால், கதவு திறந்ததாலேயே பேச்சு புரிந்தது என்று கொள்ளலாகாது. மெல்லிய அலை கதவைத் திறக்கப் போதுமானதாக இருந்தும், குரல் கரகரத்துத் துண்டு துண்டாகப் போகக் கூடும். ஆகவே "என் பேச்சு எப்படிக் கேட்கிறது?" என்று இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் சோதனை முழுமை பெறும்.

படிப்படியாகத் தேடுவோம்

வால் ஒலி வரவில்லை என்று வைத்துக் கொள்வோம். கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள். செலவில்லாததும் எளிதானதும் முதலில், கடினமானது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால், தொடர்பு கிடைத்தாலும் எதனால் கிடைத்தது என்று தெரியாது. இது வானொலிக்கு மட்டுமன்று, நம் சோதனைச்சாலைக்கும் பொதுவான விதி.

1. அதிர்வெண் இடைவெளி. கூட்டல் வைக்க வேண்டிய இடத்தில் கழித்தல் வைத்திருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பொத்தானை அழுத்தும்போது செட்டின் முகப்பில் எண் மாறுகிறதா என்று பாருங்கள். 145.600 என்று காட்டியது 145.000 ஆக வேண்டும். 146.200 ஆனால் அங்கே நம்மைக் கேட்பார் யாருமில்லை; அது நமக்கு ஒதுக்கிய பகுதியும் அன்று.

2. டோன். ரிப்பீட்டர் எந்த டோனை எதிர்பார்க்கிறது என்று அதைப் பராமரிப்பவரிடம் கேட்டு, பேசும் பக்கத்தில் அதே எண்ணை வையுங்கள். கேட்கும் பக்கத்தில் இப்போதைக்கு ஒன்றும் வைக்க வேண்டா.

3. இரண்டாம் செட் சோதனை. மேற்சொன்ன இரண்டும் சரியா என்பதை மலையை நம்பாமல் இங்கேயே அறியலாம். தோழி ஒருத்தி இன்னொரு செட்டை எடுத்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்குப் போகட்டும். அவள் தன் செட்டை, ரிப்பீட்டர் கேட்கும் 145.000-க்குத் திருப்பி, அதே டோனையும் கேட்கும் பக்கத்தில் வைக்கட்டும். நீங்கள் பேசுவது அவளுக்குக் கேட்டால், சரியான அதிர்வெண்ணில் சரியான டோனோடு உங்கள் குரல் புறப்படுகிறது என்பது உறுதி. கேட்காவிட்டால் பழுது மலையில் இல்லை. உங்கள் கையில் இருக்கிறது. சோதனைக்கு முன் ரிப்பீட்டரில் வேறு எவரும் பேசவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. சக்தியும் பேட்டரியும். செட்டில் குறைந்த சக்தி, நிறைந்த சக்தி என இரு நிலைகள் இருக்கும். குறைந்த நிலையில் விட்டுவிட்டு மறந்திருக்கலாம். பேட்டரியும் ஏமாற்றும். கேட்பதற்கு மிகக் கொஞ்சம் மின்சாரமே தேவை. பேசுவதற்குப் பல மடங்கு தேவை. ஆகவே தளர்ந்த பேட்டரியில் செட் நன்றாகவே கேட்டுக் கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தியதும் மயங்கிவிடும்.

5. நிற்கும் இடமும் பிடிக்கும் முறையும். 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300-ஐ 145-ஆல் வகுத்தால் கிடைக்கும். சுமார் 2 மீட்டர். நேரே வரும் அலையும், சுவரில் மோதி வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். ஓரடி, ஈரடி தள்ளி ஒன்றையொன்று வளர்க்கும். ஆகவே நின்ற இடத்திலேயே கத்துவதைவிட இரண்டடி நகர்ந்து பார்ப்பது மேல். செட்டை நெட்டாகப் பிடியுங்கள். படுக்க வைத்துப் பேசாதீர்கள். ரிப்பீட்டரின் ஏரியல் பெரும்பாலும் நெட்டாகவே நிற்கும். நாமும் நெட்டாக வைத்தால்தான் பொருந்தும். பழைய தொலைக்காட்சி ஏரியலைப் பார்த்துச் செய்பவர்கள் குச்சிகளைப் படுக்கைவாட்டில் வைத்துவிடுவார்கள். இதனால் நேரும் இழப்பு சாதாரணமானதன்று.

6. ஏரியல். செட்டோடு வரும் குட்டையான ரப்பர் ஏரியல் சட்டைப் பைக்கு வசதி, தொலைவுக்கு வசதியன்று. அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள கம்பியே அதைவிடச் சிறப்பாக வேலை செய்யும். திசை காட்டும் யாகி ஏரியலானால் இன்னும் நன்று. அதைக் குறி பார்த்து வைக்க வேண்டும். நாகையிலிருந்து ஏற்காடு வடமேற்கிலிருந்து சற்று மேற்கே சாய்ந்து இருக்கிறது.

7. கேபிளும் கனெக்டரும். ஏரியலை உயர்த்தினால் கேபிள் நீளும். கேபிள் நீண்டால் சக்தி தேயும். ஆர்.ஜி. 58 எனப்படும் மெல்லிய கேபிள் 30 மீட்டர் போட்டால், 145 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ முக்கால் பங்கு சக்தி வழியிலேயே போய்விடும். 5 வாட் புறப்பட்டு ஒன்றேகால் வாட் போய்ச் சேரும்! தடித்த ஆர்.ஜி. 213 கேபிளானால் பாதிக்கு மேல் போய்ச் சேரும். தேவைக்கு மேல் கேபிளைச் சுருட்டி வைப்பதும் வீண்.

நம் ஊருக்கே உரிய பகைவன் ஒன்று உண்டு; உப்புக்காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் கனெக்டருக்குள் ஒரு சொட்டு நீர் இறங்கினால் போதும். செம்புப் பின்னலில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். வெளியே பார்த்தால் கேபிள் புதிது போல் இருக்கும். உள்ளே வெட்டிப் பார்த்தால் பச்சை. களிம்பு ஏறிய கேபிளைச் சுரண்டிச் சரிசெய்ய இயலாது. வெட்டி எறிந்து புதிது போடுவதே வழி. கனெக்டரை முதலிலேயே ரப்பர் டேப்பினால் நீர் புகாதபடி சுற்றி, கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையம் வளைத்துக் கொண்டுவந்தால், நீர் வளையத்தின் அடியிலேயே சொட்டிவிடும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் இருந்தால், ஏரியலுக்குப் போன சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கலாம். 1.5-க்குக் கீழ் இருந்தால் நன்று; 3-க்கு மேல் போனால் உடனே நிறுத்திவிட்டு ஏரியலையும் கேபிளையும் சோதியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஏரியல் கம்பத்தை மின்கம்பிக்கு அருகில் ஒருபோதும் உயர்த்தாதீர்கள். கம்பம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்திலேயே நட வேண்டும். இடி மின்னல் வேளையில் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மாடியில் செய்யும் வேலையைப் பெரியவர்கள் துணையின்றிச் செய்யலாகாது.

நேற்றிரவு கேட்டது, இன்று ஏன் கேட்கவில்லை?

எட்டாது என்று கணக்கு சொல்லிய நிலையம் சில வேளைகளில் பக்கத்து வீட்டில் பேசுவது போல் கேட்கும். 1982-ஆம் ஆண்டு இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, நம் கடலோர ஊர்களில் உயரக் கம்பம் நட்டு அதைப் பார்த்தவர்கள் பலர். சில இரவுகளில் படம் பளிச்சென்று தெரியும். மறுநாள் வெறும் புள்ளிகள். காரணம் செட்டில் இல்லை, காற்றில் இருக்கிறது. கடலின் மேல் குளிர்ந்த ஈரக்காற்றும், அதற்கு மேல் வெப்பமான வறண்ட காற்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது, அலை இரண்டுக்கும் இடையே குழாயில் நீர் ஓடுவது போல் வளைந்து நெடுந்தூரம் ஓடும். வெயில் ஏறி அடுக்கு கலைந்ததும் குழாய் மறைந்துவிடும்.

ஆகவே ஓரிரவு தொலைதூர ரிப்பீட்டர் கிடைத்தால் மகிழுங்கள், நம்பிவிடாதீர்கள். நாள், நேரம், காற்று, கேட்ட அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பல நாள் குறிப்பைப் பார்த்தால், எது நாள்தோறும் எட்டும், எது என்றைக்கோ ஒருநாள் எட்டும் என்பது விளங்கும். ஆபத்து நாளில் நாள்தோறும் எட்டுவதையே நம்ப வேண்டும்.

எட்டாதபோது என்ன செய்வது?

எல்லாம் சரியாக இருந்தும் மலை எட்டவில்லை என்றால், மனிதரே ரிப்பீட்டர் ஆகலாம். நாகைக்கும் திருவாரூருக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர்; இரு ஊரிலும் 10 மீட்டர் கம்பம் இருந்தால் 13 + 13 = 26; எட்டும். திருவாரூரிலிருந்து கும்பகோணம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். இங்கு 20 மீட்டர்க் கம்பங்கள் வேண்டும். கும்பகோணத்திலிருந்து ஏற்காட்டு மலை எட்டும். இப்படிக் கைமாற்றிக் கைமாற்றிச் செய்தியை அனுப்பலாம். இடையில் நிற்பவர் தம் சொந்தச் சொல் ஒன்றையும் சேர்க்காமல், ஒன்றையும் விடாமல், கேட்டதை எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, சரி என்ற பின்னரே அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். இல்லையேல் "அரிசி நூறு மூட்டை" என்பது "ஆறு மூட்டை" ஆகிவிடும்.

இன்னும் நெடுந்தூரத்துக்கு வேறு வழி உண்டு. குறைந்த அதிர்வெண் கொண்ட சிற்றலைகள் வானில் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கீழே வரும்; அவற்றுக்கு ரிப்பீட்டரும் மலையும் தேவையில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐதராபாத்தைச் சேர்ந்த தேசிய ஹாம் வானொலி நிறுவனத்தின் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, குழுவினரோடு அந்தமானில் போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் அமைத்து உலகெங்கும் பேசிக் கொண்டிருந்தார். அப்போதுதான் ஆழிப்பேரலை வந்தது. பொழுதுபோக்காகத் தொடங்கிய நிலையம் அந்த நொடியிலிருந்து அவசர நிலையமாக மாறியது. தீவில் இருந்தவர்கள் நலமாக இருக்கிறார்களா என்று தவித்த குடும்பங்களுக்கு அந்நிலையத்தின் வழியாகச் செய்திகள் சென்றன. தொழில் திறமையும் மன உறுதியும் பெண்களுக்கும் உரியவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நீங்களும் இதில் ஈடுபடலாம். 12 வயது நிரம்பியவர்கள் மத்திய அரசு நடத்தும் ஹாம் தேர்வை எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் என்னும் முதல்நிலைத் தேர்வுக்கு மோர்ஸ் தந்தி முறை தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் படிக்கும் மின்னியலும் அலைகளும், வானொலி விதிகளும் தெரிந்தால் போதுமானது. லைசென்சு பெறும் வரை பொத்தானை அழுத்திப் பேசலாகாது. லைசென்சு பெற்றவர் அருகில் இருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

முடிவுரை

தொலைவிலுள்ள ரிப்பீட்டரோடு பேசும் கலையில் நாம் கற்றதைச் சுருக்கிச் சொல்வோம். தூரத்தை முதலில் கணக்கிடு. குறியைப் பார்த்துப் பழுதின் இடத்தை ஊகி. ஒவ்வொன்றாக மாற்று. குறித்து வை. மறுமொழி வரும் வரை சொன்னதாக எண்ணாதே.

இக்கடைசி விதி செட்டுக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் தாயிடமும், வகுப்பில் தோழியிடமும் நாம் சொன்னதெல்லாம் அவர்களைச் சென்று சேர்ந்துவிட்டதாக எண்ணிக் கொள்கிறோம். அவர்கள் சொல்வது நமக்குக் கேட்கிறது என்பதாலேயே, நாம் சொல்வதும் அவர்களுக்கு விளங்கிவிட்டது என்று கொள்கிறோம். ஒருமுறை கேட்டுத்தான் பார்ப்போமே! செய்தியைச் சொல்லிவிட்டு மறுமொழிக்காகக் காத்து நின்ற கபிரியேல் சம்மனசானவர் நமக்கும், கடல்மேல் செல்லும் நம் தந்தையர், சகோதரர்களுக்கும் துணை நிற்பாராக.

பயிற்சி வினாக்கள்

1. இரண்டு படகுகளிலும் ஏரியல் 4 மீட்டர் உயரத்தில் உள்ளது. எவ்வளவு தூரம் வரை நேரே பேசலாம்?
2. நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் சுமார் 110 கிலோமீட்டர். இரு கரையிலும் 40 மீட்டர்க் கோபுரம் இருந்தால் நாள்தோறும் நேரே பேச முடியுமா?
3. கொடைக்கானல் நாகையிலிருந்து ஏறத்தாழ 264 கிலோமீட்டர். அதை நேரே எட்ட நாகையில் எவ்வளவு உயரக் கம்பம் வேண்டும்?
4. ரிப்பீட்டர் தெளிவாகக் கேட்கிறது. வால் ஒலி வரவில்லை. முதலில் எவற்றைப் பார்ப்பாய்?

விடைகள்: 1. சுமார் 16 கிலோமீட்டர். 2. முடியாது; 26 + 26 = 52 கிலோமீட்டர்தான் எட்டும். 3. சுமார் 331 மீட்டர். 4. அதிர்வெண் இடைவெளி, டோன், சக்தி, பேட்டரி. அதன் பின்னரே ஏரியல்.